வாடகை பாக்கி: குடியிருப்பவர் கட்டவில்லையா, தரகர் கொடுக்கவில்லையா?

ஸ்ரீரங்கவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குத் தள்ளாமை வந்துவிட்டதால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் மனைவியும் ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்துவிட்டோம். அப்போது வீட்டை, அந்தப் பகுதியில் வெகுகாலமாகத் தரகு செய்துவரும் ஒருவரிடம் ஒப்படைத்தோம். ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாக எடுத்துக்கொண்டார். அதன்பின் வாடகையை வசூலித்து அனுப்புவது, குழாய் கசிந்தால் பிளம்பரை அழைப்பது போன்ற வேலைகளுக்காக மாதம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியை என் கணக்கில் போட்டுவந்தார்.

வாடகை 19,000 ரூபாய். இப்போது இருப்பவர் ஒன்றரை ஆண்டுக்கு முன்பு வந்தார்; அவர் கொடுத்த அட்வான்ஸ் 1,00,000 ரூபாயில் 75,000 என்னிடம் வந்தது, பெயின்டிங் செலவு என்று 25,000 ரூபாயைத் தரகர் நிறுத்திக்கொண்டார். பில் எதுவும் நான் பார்த்ததில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் "உரிமையாளருக்காக" என்று எழுதித் தரகரே கையெழுத்திட்டிருக்கிறார். நான் அவருக்குப் பவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஒப்பந்தமும் பிப்ரவரியில் முடிந்துவிட்டது, புதிதாகப் போடவில்லை.

மார்ச், ஏப்ரல் மாத வாடகைகள் பத்து நாள், பதினைந்து நாள் தாமதமாக வந்தன. மே மாதத்துக்குப் பாதிதான் வந்தது. ஜூன், ஜூலை இரண்டுக்கும் ஒன்றுமே வரவில்லை. ஆக பாக்கி 47,500 ரூபாய். கேட்டால், "அவருக்கு வேலை போய்விட்டது சார், ஆள் சரியில்லை, கிளப்பிவிடலாம், 23,000 தருகிற ஆள் கையிலேயே இருக்கிறார்" என்கிறார் தரகர். அசோசியேஷன் செயலாளரிடம் எண்ணை வாங்கிக் குடியிருப்பவரிடம் முதன்முறையாக நானே பேசினேன். தாம் ஒவ்வொரு மாதமும் வாடகையைத் தரகரிடம் கொடுத்துவிட்டதாகவும், குளியலறைச் சுவரில் நீர்க்கசிவு இருப்பதை மூன்று முறை சொல்லியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றும் அவர் சொல்கிறார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் மரியாதையாகப் பேசி ஏமாற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மின்கட்டணத்துக்கு என் கைபேசி எண்ணே பதிவில் இருப்பதால், பணம் கட்டியவுடன் எனக்குக் குறுஞ்செய்தி வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பில்லை அவர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் மைத்துனர், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு நான்கு பேரை அனுப்பினால் ஒரே நாளில் காலி செய்துவிடுவார்கள் என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நான் யாரை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது?

மயிலைக் கணக்கர்:

சார், நான் வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். யாரை நம்புவது என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நாளில் இருவரிடமும் தனித்தனியாக, கடந்த ஓராண்டுக்கு மாதவாரியாக ஒரு பட்டியல் கேளுங்கள்: எந்தத் தேதி, எவ்வளவு தொகை, ரொக்கமா யு.பி.ஐ.யா, யார் கையில். ஒருவர் கொடுத்ததை மற்றவரிடம் காட்டாதீர்கள். அந்த இரண்டையும் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால், எந்த மாதத்தில் ஓட்டை விழுந்தது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கைபேசி வழியாக அனுப்பிய பணத்துக்குப் பரிவர்த்தனை எண் இருக்கும். அதை மட்டும் யாராலும் கதையாகச் சொல்ல முடியாது.

மின்கட்டணச் செய்தியை நீங்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வது புரிகிறது. ஆனால் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்பதால் வாடகை கொடுக்காதவரும் அதை ஒழுங்காகத்தான் கட்டுவார். ஆகையால் அதை அதிகம் நம்ப வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறொன்று. பழைய ஆளின் பாக்கியை எப்படி வசூலிப்பது என்று ஒரு வார்த்தை பேசாத தரகர், புது ஆளைத் தயாராக வைத்திருக்கிறார். ஆள் மாறினால் அவருக்கு இன்னொரு மாத வாடகை கமிஷன். அந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா?

பெயின்டிங் 25,000 ரூபாய்க்கும் பில் கேளுங்கள். சென்னையில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் ஆள் உள்ளே வரும்போதே அட்வான்ஸிலிருந்து தரகர் எடுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாளை அவர் காலி செய்யும்போது முழு ஒரு லட்சத்தையும் உங்களிடம்தான் கேட்பார். அவர் கேட்பது நியாயமும்கூட.

வேளச்சேரிக் குடித்தனக்காரர்:

நான் பதினான்கு ஆண்டுகளாக வாடகை வீடுகளிலேயே இருப்பவன். இது ஐந்தாவது வீடு. மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் பேசட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முன்பு மடிப்பாக்கத்தில் இருந்தபோது இரண்டரை ஆண்டுகள் வீட்டு உரிமையாளரின் முகத்தையே நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் தரகர்தான். மாதம் ஐந்தாம் தேதி அவருடைய பையன் ஒருவன் பைக்கில் வந்து, வண்டியை நிறுத்தாமலேயே ஹாரன் அடிப்பான். நான் கீழே இறங்கிப் போய்ப் பணத்தைக் கொடுப்பேன். ரசீது கேட்டால், "அண்ணன் வாட்ஸ்அப்பில் போடுவார்" என்பான். ஒருநாளும் வந்ததில்லை. கடைசியில் காலி செய்யும்போது, இரண்டு மாத வாடகை வரவில்லை என்று சொல்லி அட்வான்ஸில் கழித்துவிட்டார்கள். யார் பொய் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உரிமையாளர் நல்லவராகவே இருந்திருக்கலாம். என்னைப் பற்றி அவரிடம் என்ன சொல்லப்பட்டதோ!

அதற்காகக் குடியிருப்பவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று வாதாட மாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினார். அட்வான்ஸ் தீர்ந்த மறுவாரம் ஊருக்குப் போவதாகச் சொல்லிப் பூட்டிவிட்டுப் போய், சாமான்களை உள்ளேயே விட்டுவிட்டு மேலும் இரண்டு மாதம் இழுத்தார். அப்படிப்பட்டவர்களிடம் ஓர் அடையாளம் உண்டு. அவர்கள் வீட்டில் உள்ள பழுதைப் பற்றிப் புகார் சொல்வது, வாடகை கேட்கும் நாளில் மட்டும்தான். உங்கள் வீட்டில் இருப்பவர் கசிவைப் பற்றி எப்போது, யாரிடம், எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். பாக்கி தொடங்குவதற்கு முன்பே தரகருக்கு அனுப்பிய படம் அவருடைய கைபேசியில் இருந்தால், அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

தொலைபேசியில் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒருமுறை நேரில் வந்து அந்தக் குளியலறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

சிவில் வழக்கறிஞர்:

சட்டத்தின் நிலையை மட்டும் சொல்கிறேன். ஆவணங்களைப் பார்க்காமல் சொல்வது என்பதால், உங்கள் ஊரிலேயே ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மைத்துனரின் யோசனையை முதலில் கைவிடுங்கள். பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம்தான் இப்போது தமிழ்நாட்டில் செல்லுபடியாகும். மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை அது வெளிப்படையாகத் தடை செய்கிறது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் சரி; ஃபியூஸைப் பிடுங்கிய அன்றே அவர் வாடகை ஆணையரிடம் போய் மனு கொடுக்கலாம், அந்த வழக்கில் குற்றம் செய்தவராக நிற்பது நீங்களாக இருப்பீர்கள்.

அடுத்து, இந்தத் திரியில் இன்னும் யாரும் தொடாத ஒரு விஷயம். குடியிருப்பவர் தரகரிடம் பணத்தைக் கொடுத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் உங்களுக்கே கொடுத்துவிட்டதாக ஆகிவிட வாய்ப்பு மிக அதிகம். பவர் எழுதிக் கொடுக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மூன்று ஆண்டுகளாக அவர் வசூலித்து அனுப்பிய பணத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டீர்கள். அவர் உங்களுக்காகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் மறுக்கவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 237-ஆம் பிரிவு இத்தகைய நிலைமைக்காகவே இருக்கிறது: முகவருக்கு அதிகாரம் இருப்பதாக மூன்றாம் நபர் நம்பும்படி முதலாளி நடந்துகொண்டிருந்தால், அந்த முகவரின் செயல் முதலாளியைக் கட்டுப்படுத்தும். எனவே பணம் தரகரிடம் தங்கியிருந்தால், உங்களுக்குக் கடன்பட்டவர் தரகர். குடியிருப்பவர் பாக்கிதாரரே அல்ல. அதே சட்டத்தின் 213, 218 பிரிவுகளின்படி, கேட்டபோது கணக்குக் காட்டுவதும் உங்களுக்காக வாங்கிய பணத்தை உங்களிடம் சேர்ப்பதும் முகவரின் கடமை. அவருக்குத் தர வேண்டிய கூலியை அவர் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முடியாது.

ஆகவே இன்றே இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். ஒன்று தரகருக்கு: வாடகை வசூலிக்கும் அதிகாரத்தை இன்ன தேதி முதல் திரும்பப் பெறுகிறேன், இன்ன தேதிக்குள் முழுக் கணக்கும் நிலுவைப் பணமும் வேண்டும் என்று. இன்னொன்று குடியிருப்பவருக்கு: இனி வாடகையை இந்த வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தவும், வேறு யாரிடம் கொடுத்தாலும் ஏற்க இயலாது என்று. இரண்டாவது கடிதத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தரகரை நீக்கியது அவருக்குத் தெரியாதவரை, அவர் வழக்கம்போலத் தரகரிடம் கொடுக்கும் பணமும் உங்கள் தலையிலேயே விழும். ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் படம் எடுத்துப் போடுங்கள்.

காலி செய்ய வைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது முதலில் சொன்ன 2017 வாடகைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஒரு காரணம்தான். ஆனால் முதலில் எழுத்தில் கோரிக்கை அறிவிப்பு கொடுக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் கட்டிவிட்டால் அந்தக் காரணம் அடிபட்டுப்போகும். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதும் தனியாக ஒரு காரணம் என்பதால், அதை வைத்தே மனுப் போடச் சொல்லி உங்களுக்கு யாராவது ஆலோசனை தரக்கூடும். முறையாக வாடகை கொடுத்துவரும் ஒருவரை, நீங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்காததைக் காரணம் காட்டியே வெளியேற்றுவது எனக்கு அழகாகப் படவில்லை; அது என் சொந்த அபிப்பிராயம். ஒன்று மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். காலம் முடிந்தும், அல்லது முறையாக முடிவுக்குக் கொண்டுவந்தும் வீட்டை விடாதவர், முதல் இரண்டு மாதத்துக்கு இரு மடங்கு, அதற்குப் பின் நான்கு மடங்கு வாடகையை இழப்பீடாகத் தர வேண்டும் என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது. அடியாட்களைவிட அந்த ஒரு வரி அறிவிப்பில் இருப்பது அதிகம் வேலை செய்யும்.

புது ஒப்பந்தத்தை நீங்களும் அவரும் நேரடியாகக் கையெழுத்திட்டு, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்குங்கள். பதினொரு மாதம் என்பதால் பதிவு தேவையில்லை என்ற பழைய பேச்சு இந்தச் சட்டத்தின் கீழ் எடுபடாது. காலம் எவ்வளவு குறைவானாலும் பதிவு வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்று சட்டம் வரம்பு வைத்தாலும், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள இடம் கொடுக்கிறது. அதனால்தான் உங்கள் ஒரு லட்சமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுபடியும் யாரையாவது பொறுப்பாளராக வைக்க வேண்டியிருந்தால், அவர் பெயர், எதற்கெல்லாம் அதிகாரம், எத்தனை காலத்துக்கு என்பவற்றைக் குடியிருப்பவருக்கு நீங்களே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடகை வாங்கினால் ரசீது கொடுப்பது அந்தப் பொறுப்பாளரின் கடமை. காவல் நிலையத்தில் நம்பிக்கை மோசடிப் புகார் கொடுப்பது எப்போதும் இருக்கவே இருக்கிறது. கணக்குக் கேட்பதற்கு முன்பே அங்கே ஓடாதீர்கள்.

கொளத்தூர் மாடிவீடு:

உங்களுக்கு 47,500-உடன் தெரிந்தது நல்லதாயிற்று சார். எங்கள் மாடியை ஒரு நிறுவனம் "ஊழியர்கள் தங்குவதற்கு" என்று சொல்லி மாதம் 22,000 ரூபாய்க்கு எடுத்தது, தரகர்தான் அழைத்துவந்தார். நான்கு மாதம் டாணென்று வாடகை வந்தது, ஐந்தாவது மாதம் நின்றது. மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினால், ஒரு கைக்குழந்தையோடு இருந்த குடும்பம், ஒன்பது லட்சம் கொடுத்து மூன்று ஆண்டு லீஸுக்கு வந்திருப்பதாகப் பத்திரத்தைக் காட்டுகிறது. பத்திரத்தில் உரிமையாளர் இடத்தில் அந்த நிறுவனத்தின் முத்திரை. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணமாம். நிறுவனத்தின் அலுவலகம் அதற்குள் பூட்டிக் கிடந்தது.

எழுத்து மூலமான என் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட்டது செல்லாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இருதரப்பும் சேர்ந்து காவல் துறையில் புகார் கொடுத்தோம். அவர்கள் வேறு வீடு பார்த்துப் போகப் பதினொரு மாதம் ஆயிற்று. அத்தனை மாதமும் வாடகை கிடையாது. யாருக்கு விட்டாலும் முதல் மாதத்திலேயே ஒருமுறை சொல்லிவிட்டுப் போய், கதவைத் திறப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்தானா என்று பார்த்துவிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்பு தகவல் கொடுத்தால் போதும். ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு நான் அதைச் செய்யவில்லை.

ஸ்ரீரங்கவாசி (பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் பழவந்தாங்கல் போய், மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். முதல் நாளே சொல்லியிருந்தேன்.

குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறி, பெயின்ட் தோல் தோலாகக் கையோடு வருகிறது. மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் கோளாறாம். அந்தப் படத்தை அவர் ஜனவரியிலேயே தரகருக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு நீல டிக்கும் விழுந்திருக்கின்றன. அங்கேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஆனால் முழுவதும் விளங்கிவிடவில்லை.

பால் கணக்கு எழுதும் சின்ன நோட்டில் வாடகையும் எழுதி வைத்திருந்தார் அவர் மனைவி. மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதமும் முழு வாடகை, ஆறாம் தேதிக்குள் தரகரின் எண்ணுக்கே கைபேசியில் அனுப்பப்பட்டிருக்கிறது. ஆக, மே மாதப் பாதி 9,500 ரூபாயும் ஜூன் மாத 19,000 ரூபாயும் தரகரிடம் நிற்கின்றன. ஜூலை மாதம்தான் இடித்தது. ரொக்கமாகத் தரகரிடம் வேலை செய்யும் பையனிடம் கொடுத்ததாக முதலில் 19,000 என்றார். நோட்டைப் புரட்டிய அவர் மனைவி, "பன்னிரண்டுதானே கொடுத்தோம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டார். வேலை போனது உண்மைதானாம். புது வேலையில் முதல் சம்பளம் வரும்வரை ஏழாயிரத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார், அதை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஏழாயிரத்தை நான் அங்கிருந்து கிளம்புவதற்குள் என் கணக்கில் போட்டுவிட்டார்.

மறுநாள் தரகரிடம் இரண்டு கடிதங்களின் நகலையும் பரிவர்த்தனைப் பட்டியலையும் வைத்தேன். 28,500 ரூபாயை மறுக்கவில்லை; "ரொட்டேஷனில் போய்விட்டது சார்" என்றார். வரப்போகும் தேதிகள் போட்டு இரண்டு காசோலைகள் கொடுத்திருக்கிறார், முதலாவது நேற்றுப் பணமாகிவிட்டது. பெயின்டிங் பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். ஜூலை மாத 12,000 ரூபாயைப் பற்றிக் கேட்டால், அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், தமக்குத் தெரியாது என்கிறார். வழக்கறிஞர் ஐயா சொன்ன 237-ஆம் பிரிவை நினைத்துக்கொண்டு, குடியிருப்பவரிடம் அதை மறுபடி கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தரகருக்கு அனுப்பும் அறிவிப்பில் அதையும் 25,000 ரூபாயையும் சேர்த்திருக்கிறேன்.

புது ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டாயிற்று, வாடகை அதே 19,000. பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பிளம்பர் வியாழக்கிழமை மேல்வீட்டில் வேலையைத் தொடங்குகிறார். சுவர் காயக் குறைந்தது மூன்று வாரம் ஆகும், அதன் பிறகுதான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

சிவில் வழக்கறிஞர்:

இரண்டாவது காசோலையை அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் செலுத்திவிடுங்கள். திரும்பி வந்தால், வங்கியின் தகவல் கிடைத்த முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஸ்ரீரங்கவாசி:

நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டேன் ஐயா. நன்றி.